நாலு ஓட்டையும் ஐந்து வெடியும்

செத்தவரைப் பற்றிக் குறை எழுதக் கூடாது என்று என் மனைவி சொல்லுகிறாள். விளக்கு வைக்கிற வீட்டில் இருந்துகொண்டு இப்படி எழுதுவது பாவம் என்கிறாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதும் கெட்டித்தனம் என்னிடம் இல்லை. அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. உயிரோடு இருந்தபோதும் பிடிக்கவில்லை, சுடலையில் எரிந்து முடிந்த பிறகும் பிடிக்கவில்லை. இந்தக் கோபத்தை என்னிடமிருந்து எடுத்துவிடு தாயே என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை அம்மாள் சந்நிதியில் நின்று கேட்டிருக்கிறேன். அவள் இன்னும் எடுக்கவில்லை.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். மகள்மார் இரண்டு பேரும் நல்லவர்கள், இன்னும் திருகோணமலையில்தான் இருக்கிறார்கள். துறைமுகப் பட்டறையில் போர்மனாக இருந்தவர் என்பதால் ஊருக்கு அவர் ‘போர்மன் ஐயா’. வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய பிறகும் அவர்களுடைய காக்கிக் காற்சட்டையையும் அவர்களுடைய ஏச்சையும் விடாமல் வைத்திருந்தார்.

எந்தப் பொருளையும் இருந்தபடி இருக்க விட அவருக்கு ஏலாது. எதைக் கண்டாலும் கழுத்தை ஒரு பக்கம் சரித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு, “இதைக் கொஞ்சம் திருத்த வேணும்” என்பார். கேட்டுக்கொண்டு திருத்துகிற பழக்கமும் இல்லை. துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு நானாவின் தேநீர்க் கடை இருந்தது. ஒருநாள் அங்கே தேத்தண்ணி குடிக்க வந்தவர், அடுப்பு புகைகிறது என்று நானாவை விலக்கிவிட்டு உள்ளே போய் ஒரு கல்லை உருவினார். அடுப்பு பாதி சரிந்து, கடை முழுக்கப் புகை. இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்த நானா தலையில் கை வைத்தார்.

“அல்லாவே! இந்த மனிசன் தேத்தண்ணி குடிக்க வாறாரா, கடையைக் கழட்ட வாறாரா?”

“கட்டினவன் பிழையாக் கட்டியிருக்கிறான்” என்று சொல்லிவிட்டு, போர்மன் கைலேஞ்சியில் கையைத் துடைத்தபடி போய்விட்டார்.

அவருக்கு வேலை தெரியாது என்று சொன்னால் அது பொய்யாகும். பட்டறையில் எல்லோரும் கைவிட்ட பம்பை ஒரே மத்தியானத்தில் ஓட வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர் கை கெட்டிக்காரக் கை. ஆனால் அந்தக் கை பிழைத்த இடங்களும் உண்டு. அப்போதெல்லாம் பிழை மற்றவனிடத்தில்தான் இருக்கும். என் சைக்கிள் பிறேக்கை, நான் வேலை செய்த பட்டறை ஸ்டோருக்குள் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த நேரம், எனக்குச் சொல்லாமலே திருத்தி வைத்தார். அன்று பின்னேரம் உவர்மலை இறக்கத்தில் பிறேக் இறுகி, நான் சைக்கிளுக்கு மேலால் பறந்து முழங்கால் இரண்டும் உரிந்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்து அவர் சொன்னது, “நீ பிடிச்ச பிடி பிழை.”

நெற்றியில் நான் பூசிப் போகும் திருநீற்றைக்கூட விடவில்லை. “மூண்டு கோடும் நேரில்லை. ஒரு அடிமட்டம் வச்சுப் பூசப்பா” என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதைப் பூசும்போது நான் சொல்லும் பெயர் என்ன என்று அவருக்கு எங்கே தெரியும்?

அவருடைய மனைவி அதிகம் வாய் திறக்காதவ. ஒருமுறை அவர் வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தபோது, குசினி வாசலில் நின்று மெதுவாகச் சொன்னா: “தம்பி, இந்த வீட்டில அவர் கழட்டாத சாமான் நான் ஒருத்திதான். அதுவும் திருகாணி எங்கை இருக்கெண்டு தெரியாததாலே.” சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டா.

இனித் துவக்குக் கதைக்கு வருகிறேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், வெள்ளைக்காரர் காலத்துச் சுடுதளம் ஒன்று இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கிளப் ஒன்று வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சுட்டுப் பழகினார்கள். ஒரு தகரக் கொட்டகை. அங்கிருந்து இருபத்தைந்து காலடித் தூரத்தில் மண்மேடு. மேட்டுக்கு முன்னால் சாக்குத் துணியில் ஒட்டிய கடதாசி இலக்கு. பக்கத்தில் ஆளுயரத்துக்கு மணல் மூட்டைச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் மார்க்கர் வேலை எனக்கும் என் மனைவியின் தம்பி தவத்துக்கும். சிவப்புக் கொடி ஏறினால் சுடுவார்கள், நாங்கள் மறைவில் இருந்து வெடியை எண்ணுவோம். “முடிஞ்சுது” என்று கூப்பிட்டு வெள்ளைக் கொடி ஏற்றினால் வெளியே போவோம். நான் ஓட்டைகளை எண்ணித் துண்டில் எழுதிக் கையெழுத்து வைப்பேன். சுட்ட கடதாசியைத் துண்டோடு கிளப்பில் வைப்பார்கள், தவம் மாப்பசை பூசிப் புதுக் கடதாசி ஒட்டுவான்.

தவத்துக்கு அப்போது இருபத்தாறு வயது. வாய்க்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கு அவனுக்குக் கடிதம் வந்திருந்தது, அடுத்த மாதம் முதலாம் திகதி வரச் சொல்லி. அந்தக் கடிதத்தை என் மனைவி சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

தோட்டத்தை விற்றுவிட்டுப் போன ஒரு துரையிடம் போர்மன் அந்த ரிவோல்வரை வாங்கியிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சாமான். மலிவானது. மேல் பூச்சு செதில் செதிலாகக் கழன்றிருந்தது. ஐந்து தோட்டா போடலாம். அரசாங்கக் கச்சேரியில் லைசென்சு எடுத்துக்கொண்டு முதல்நாள் வந்தபோது கிளப்புக்காரர் சிரித்தார்கள். “போர்மன், இதாலே காகம் கலைக்கலாம்” என்றார் ஒருவர். போர்மன் கழுத்தைச் சரித்து, கண்ணைச் சுருக்கி அதைப் பார்த்தார். எனக்கு அப்போதே விளங்கியது, இந்தத் துவக்கின் சீவன் போகப் போகிறது என்று.

கிழமைக்குக் கிழமை அதில் ஒன்று மாறியிருக்கும். கைப்பிடியை எடுத்துவிட்டு முதிரை மரத்தில் தானே கடைந்த பிடி போட்டார். முன்குறியை அராவி, நுனியில் வெள்ளைப் புள்ளி வைத்தார். விசை மிகவும் கடினம், மாடு இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டியிருக்கிறது என்று உள்ளே இருந்த ஸ்பிரிங்கை மெலிதாக்கினார். பிறகு இன்னும் மெலிதாக்கினார். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஐந்து தோட்டா போட்டுச் சுட்டுப் பார்ப்பார். ஐந்தும் கடதாசியில் விழுந்தே ஆக வேண்டும். அது துவக்குக்கு வைத்த சோதனை என்றுதான் முதலில் நினைத்தேன். சோதனை எனக்குத்தான்.

ஒரு ஞாயிறு நான் ஓட்டைகளை எண்ணிவிட்டு நாலு விரலைக் காட்டினேன்.

“எத்தினை?” என்று கொட்டகையில் இருந்து கத்தினார்.

“நாலு, ஐயா.”

“வடிவாப் பார்.”

“வடிவாத்தான் பாத்தனான். நாலு ஓட்டை.”

நடந்து வந்தார். ஒரு ஓட்டையில் சின்னி விரலை விட்டுத் திருப்பினார். “இது மற்றதைவிடப் பெரிசு, தெரியேல்லையோ? ரெண்டு ரவை ஒரு ஓட்டையாலே போயிருக்கு. எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீ?”

“எட்டு, ஐயா.”

“எட்டு மட்டும் படிச்சவனுக்கு அஞ்சு மட்டும் எண்ண ஏலாதோ? அஞ்செண்டு போடு.”

போட்டேன். கையெழுத்தும் வைத்தேன். அடுத்த கிழமையும் போட்டேன். அதற்கடுத்த கிழமை அவர் கேட்கவே இல்லை, நானாகவே போட்டேன். கிளப்பில் அதற்கு ‘போர்மன்ர அஞ்சு’ என்று பெயர். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தவம்தான் சொல்லுவான்: “அத்தான், அவர் சுடுறது துவக்காலே இல்லை, உங்கட பென்சிலாலே.”

காலையில் குளித்துத் தேவாரம் படித்துவிட்டு வருகிறவன் நான். பிழையான கணக்கு என்று தெரிந்தே கையெழுத்து வைத்தேன். விளையாட்டுத்தானே, யாருக்கு நட்டம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு கொழும்பிலிருந்து ஒரு கம்பனி மனேஜர் வந்திருந்தார். திருத்தின துவக்கை அவருக்குக் காட்ட வேண்டுமென்று போர்மன் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். அன்றைக்குக் கொடியும் அவர் பொறுப்பில்தான். சிவப்பு ஏறியது. நாங்கள் சுவருக்குப் பின்னால் குந்தினோம். வெடி வரவில்லை. மனேஜர் சிரிப்பது கேட்டது. பிறகு போர்மனின் குரல்: “இல்லையில்லை, இது வெறும் இழுவை. கை பழக்கிறது.”

ஸ்பிரிங்கை மெலிதாக்கினதில் தோட்டாவில் விழும் அடி போதாமல் போயிருக்கிறது. தோட்டா வெடிக்கவில்லை. அப்படி நடந்தால் துவக்கை மேட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு, வெடிக்கவில்லை என்று சத்தமாகச் சொல்லி, தோட்டாவை எடுத்துவிட வேண்டும். கிளப்பில் சேருகிறவருக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான். கொழும்பு மனேஜருக்கு முன்னால் தன்னுடைய திருத்தம் பிழைத்துவிட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பிறகு வெடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

“முடிஞ்சுது!” வெள்ளைக் கொடி ஏறியது.

“தவம், நாலு வெடிதான் கேட்டது” என்றேன்.

“நாலோ அஞ்சோ, அவர் முடிஞ்சுது எண்டிட்டார் அத்தான். சுணங்கினால் கத்துவார். நீங்கள் எப்பிடியும் அஞ்செண்டுதானே போடப் போறியள்.”

சிரித்துக்கொண்டு பசைச் சிரட்டையை எடுத்தான். அவன் சொன்னதில் எனக்கு முகம் சுண்டிவிட்டது. குனிந்து புள்ளித் துண்டைத் தேடினேன். கையை நீட்டி அவன் சாரத்தைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

“இப்ப விசையைப் பாருங்கோ, மனேஜர். வெண்ணெய் மாதிரி” என்ற குரல் கேட்டது. உடனே ஐந்தாவது வெடி.

தவத்தின் வலது தோளுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் போயிற்று. பசைச் சிரட்டை கையை விட்டுப் போகவில்லை. அதைப் பிடித்தபடியே மண்ணில் இருந்தான். நான் ஓடிப் போய் என் சால்வையால் கட்டினேன். போர்மன் வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு சொல், ‘ஐயோ’ என்றாவது ஒரு சொல் வரும் என்று அவர் வாயைப் பார்த்தேன்.

“கொடியைப் பாராமல் ஏன் வந்தனீ?” என்றார்.

நான் திரும்பிக் கம்பத்தைப் பார்த்தேன். சிவப்புக் கொடி ஏறியிருந்தது.

மனேஜர் அன்றே கொழும்புக்குப் போய்விட்டார். பொலிசில் விபத்து என்று எழுதினார்கள். தவம் ஆஸ்பத்திரியில் கிடக்க, நான் அவனுடைய கடிதத்தை எடுத்துக்கொண்டு துறைமுகக் கந்தோருக்குப் போனேன். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கிறவர் இரக்கமான மனிதர். ஆனால் சொன்னது இதுதான்: “கை சுகமாகும் மட்டும் இடத்தை வச்சிருப்பம். ஆனால் பிழை இவனில் இல்லை எண்டு கிளப்பு எழுதித் தர வேணும். கிரேனுக்குக் கீழை ஆக்கள் நிப்பினம். கொடியை மதியாமல் போனவனை மேலை ஏத்த ஏலாது.”

ஆகவே தவத்தின் வேலை முழுவதும் கிளப்பு எழுதும் ஒரு கடிதத்தில் தொங்கியது.

கிளப்புத் தலைவர் ஒரு புறக்டர், வழக்குப் பேசுகிறவர், கோவில் திருவிழாக்களில் முன்னுக்கு நிற்பவர். விசாரணை வைத்தார். போர்மன் நிமிர்ந்து இருந்து சொன்னார்: ஐந்தும் சுட்டு முடித்தேன், முடிஞ்சுது என்றேன், ஒருவரும் வரவில்லை, சிவப்பு ஏற்றி மறுபடி தோட்டா போட்டேன், அப்போது இவன் குறுக்கே வந்தான்.

நான் சொன்னேன்: நாலுதான் வெடித்தது, தவத்தில் பட்டதுதான் ஐந்தாவது, வெள்ளைக் கொடி அப்போதும் ஏறித்தான் இருந்தது.

புறக்டர் அன்றைய கடதாசியை விரித்தார். நாலு ஓட்டை. எனக்கு மூச்சு வந்தது.

“நாலு ஓட்டை இருந்தால் நாலு வெடி எண்டு சொல்ல ஏலாது” என்றார் போர்மன். “பழைய துண்டுகளை எடுத்துப் பாருங்கோ.”

எடுத்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து. கீழே என் கையெழுத்து. பிறகு பழைய கடதாசிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நாலே ஓட்டை.

“இது உம்முடைய கையெழுத்தோ?”

“ஓம், ஐயா.”

“அப்ப நாலு ஓட்டையிலை அஞ்சு வெடி கண்டவர் நீர்தானே?”

“அவர்தான் அப்பிடிப் போடச் சொன்னவர்.”

“சொன்னால் போடுவீரோ?”

போர்மன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறக்டருக்கு இரண்டு பக்கத்தையும் பகைக்க விருப்பமில்லை. முடிவில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னார்: வெள்ளிக்கிழமை அம்மாள் கோவிலில் இரண்டு பேரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும், அம்மாளுக்கு முன்னால் நிற்கிறவனை நான் நம்புகிறேன். வழக்கு நான் கும்பிடுகிற இடத்துக்கே வந்துவிட்டது, இனி அவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சனம் கலைந்தது. ஐயர் தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டு, “இது விளையாட்டில்லை. கொளுத்தின பிறகு பின்வாங்கக் கூடாது” என்றார். சத்தியத்தின் வாசகத்தைப் புறக்டர் ஒரு கடதாசியில் எழுதி வந்திருந்தார். போர்மன் அதை வாங்கினார். கழுத்தைச் சரித்தார்.

“இதைக் கொஞ்சம் திருத்த வேணும்” என்றார்.

தன்னுடைய பேனையாலே அங்கேயே திருத்தினார். எனக்கு எழுதினது: ‘இந்தக் கிளப்பில் நான் கையெழுத்து வைத்த கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.’ ஏன் என்று புறக்டர் கேட்டதற்கு, “அவன்ர கணக்குத்தானே இஞ்சை வழக்கு. கணக்கு சரியெண்டால் அதிலை நிக்கட்டும்” என்றார். புறக்டர் தலையாட்டினார். தனக்கு எழுதினதை அவரே உரக்க வாசித்தார்: “நான் அஞ்சு தரம் விசையை இழுத்த பிறகுதான் முடிஞ்சுது எண்டு கூப்பிட்டனான். இது அம்மாள் அறியச் சத்தியம்.”

கையை ஓங்கி எரிகிற கற்பூரத்தில் அடித்தார். அணைந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “ஐயர், இந்தக் கற்பூரம் கலப்படம். கரி பிடிக்குது” என்றார்.

எனக்குப் புதுக் கற்பூரம் வைத்தார்கள். நான் முன்னுக்குப் போனேன். கடதாசியைப் பார்த்தேன், அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். கையை உயர்த்தினேன். ஒருநாளும் பிழைத்ததில்லை என்று எப்படிச் சொல்வேன்? ஞாயிற்றுக்கு ஞாயிறு நான் எழுதின ஐந்து எல்லாம் அந்த நெருப்பில் தெரிந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கற்பூரம் சின்னதாகி, நீலமாகி, தானாகவே அடங்கியது.

“பிறகென்ன” என்றார் புறக்டர்.

வீட்டுக்கு வருகிற வழியில், கடற்கரையைத் தாண்டும்போதுதான் என் மொக்கு மூளைக்கு உறைத்தது. ‘அஞ்சு தரம் இழுத்தேன்’ என்றுதான் அவர் சொன்னார். ஐந்து வெடித்தது என்று சொல்லவில்லை. வெடிக்காத முதல் இழுவையையும் சேர்த்தால் ஐந்துதான். அந்த வெடிக்காத தோட்டாதான் ஆறாவது இழுவையில் சுற்றி வந்து தவத்தில் பட்டது. கொடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அம்மாளுக்கு முன்னால் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அப்படியே மண்ணில் குந்தினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் சுடுதளத்துப் பக்கம் போகவில்லை. ஆனால் எனக்குப் பதிலாக அங்கே வேலைக்கு வந்தவன் சொன்னான்: போர்மன்ர துவக்கு இப்போது ஒருக்காலும் பிழைப்பதில்லை, விசை மட்டும் கல் மாதிரி, இரண்டு விரலால் இழுக்க வேண்டியிருக்கிறது என்று. ஸ்பிரிங்கைப் பழையபடி இறுக்கமாக்கியிருக்கிறார். தன் பிழையை அவர் அறிந்திருந்தார். இரும்புக்கு ஒப்புக்கொண்டவர் மனிதனுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் நல்ல வயது வரை இருந்து, நோய் நொடியில்லாமல், உறக்கத்தில் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தவத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சோடு சேர்த்துக் கை கட்டுப் போட்டுக் கிடந்தான். சத்தியத்தின் வாசகத்தை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

“அப்ப அவர் பொய் சொல்லேல்ல” என்றான்.

“இல்லை.”

“நீங்களும் பொய் சொல்லேல்ல.”

“எப்பிடித் தவம் சொல்லுறது? அம்மாளுக்கு முன்னாலே…”

“நல்லது அத்தான். ரெண்டு பேரும் அம்மாளுக்கு நல்ல பிள்ளையள். எனக்குத்தான் வேலை இல்லை.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றான். கட்டு விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். நான் கொண்டுபோன திருநீற்றை அவன் நெற்றியில் பூச எடுத்த கையை, எங்கே வைப்பது என்று தெரியாமல், கட்டிலின் இரும்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.